ராஜநாயகத்தின் ரோடு

கேமரன் மலையில் ஜாம் இரண்டு வகை. ஒன்று, கியா பார்ம் கடைகளில் பாட்டிலில் விற்கிற ஸ்ட்ராபெரி ஜாம். மற்றது, பள்ளி விடுமுறை விட்டால் போதும், காலையிலிருந்து பொழுது சாயும்வரை டவுனில் நகராமல் நிற்கிற ஜாம். முதலாவது சுற்றுலாக்காரர்களுக்கு. இரண்டாவதை மட்டும் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் தின்ன வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு முடிவு கட்டத்தான் டவுனுக்குள் நுழையாமல், மேலே தேயிலைச் சரிவை வெட்டிக்கொண்டு அரை வட்டம் போட்டுப் போகிற ரிங் ரோடு வந்தது. அரசாங்கம் தானாக மனமிரங்கிப் போட்டதில்லை. கேட்டுக் கேட்டு, கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, அதிகாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அடுத்த கூட்டத்துக்கும் அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய் வாங்கியவர்கள் சிலர். அதில் முதல் ஆள் ராஜநாயகம். எஸ்டேட்டில் தேயிலை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ரோடு திறந்த அன்று மனிதர் படுத்த படுக்கை. டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். தன் ரோட்டில் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அடக்கத்தன்று காலை எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. தூறல் விட்டு விட்டுப் பெய்தது. உள்ளே பெட்டியின் தலைமாட்டில் லூர்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. சாவு வீட்டில் பெண்சாதி அழாவிட்டால் ஊருக்குப் பொறுக்காது. பக்கத்து வீட்டு யோகேஸ்வரி இரண்டு முறை வந்து தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரு அக்கா, அழுதுரு" என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தானே அழுதுவிட்டுப் போனாள்.

வாசலில் மகன் ஜெஃப்ரியும், ரிங்லெட்டிலிருந்து சாவு வேன் கொண்டுவந்த கோகிலனும் வழி பேசிக்கொண்டிருந்தார்கள். மாதா கோயிலும் கல்லறைத் தோட்டமும் டவுனுக்கு அந்தப் பக்கம். எஸ்டேட் இந்தப் பக்கம்.

"ரிங் ரோட்டுலயே போயிருவோம் கோகிலன். ஸ்கூல் ஹாலிடே லா. டவுன்ல மாட்டுனோம்னா ஃபாதர் அங்க காத்துக்கிட்டு நிப்பாரு."

"அதான் சரி. இப்ப எல்லா பெட்டியும் மேலதான் போவுது. டவுனுக்குள்ள நான் போயே மாசக்கணக்காச்சு."

"டவுன் வழியா போங்க" என்றாள் லூர்தம்மாள் உள்ளேயிருந்து.

ஜெஃப்ரி உள்ளே வந்து குனிந்து உட்கார்ந்தான். "அம்மா, அது அப்பா ரோடும்மா. ஒரு தடவகூட அவரு அதுல போவல. இன்னிக்காவது போவட்டுமே."

"பாய் கட முன்னால வண்டி நிக்கணும். நின்ன பெறகு எங்க வேணும்னாலும் போங்க."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்த டவுனில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட்டிலிருந்து சாவு வண்டி வந்தால் வரிசையாகக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார்கள். சீனர் கடை, மலாய்க்காரர் கடை, பாய் கடை என்று வித்தியாசம் கிடையாது. பாட்டை நிறுத்துவார்கள், வண்டி கடந்ததும் மறுபடி தூக்குவார்கள். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. அம்மா அந்தப் பாதி ஷட்டர் மரியாதைக்குத்தான் ஆசைப்படுகிறாள் என்று ஜெஃப்ரி நினைத்தான். பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது.

லூர்தம்மாளுக்கு மரியாதை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. டவுன் நுழைகிற இடத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் சலாஹுதீன் பாயிடம் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. புருஷன் உயிரோடு இருந்தவரை சொல்லவிடவில்லை. இன்று அவரால் தடுக்க முடியாது. அவரைச் சாட்சியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிவிடப் போகிறாள்.

சலாஹுதீனும் ராஜநாயகமும் ஒரு காலத்தில் அப்படி ஒரு சிநேகம். லோரி இறங்கும்போது ஒரு டீ, ஏறும்போது ஒரு டீ. பாய் கடை டீ குடிக்காத அன்று வண்டி மேடு ஏறாது என்று எஸ்டேட்டில் கேலி பேசுவார்கள். ரிங் ரோடு பேச்சு முதன்முதலில் எழுந்தபோது கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வேண்டாம் என்று மகஜர் கொடுத்தார்கள். முன்னால் நின்றவர் சலாஹுதீன். டவுனுக்குள் வண்டி வராவிட்டால் யார் கடைக்கு வருவார்கள் என்று அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை, அவரவர் வயிறு அவரவருக்கு. ரோடு கிடப்பில் போனது. ராஜநாயகத்துக்கு அப்போது அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது.

பாயிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஜாமில் மாட்டிக்கொண்டு நிற்கிற தெரிந்தவர்களின் வண்டிக்கு டீயை பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புவார். கடை வாசலில் நின்றபடியே பையைத் தூக்கிக் காட்டி ஆட்டுவார். வேண்டுமென்றால் தலையை ஆட்டலாம், வேண்டாமென்றால் கையை ஆட்டலாம். அவருடைய கடைக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்தப் பழக்கம்தான்.

அந்த வருஷத்து டிசம்பரில் ஷாரனுக்கு மூச்சிழுப்பு கண்டது. ராஜநாயகத்தின் மகள், ஜெஃப்ரிக்குத் தங்கை, அப்போதுதான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவள். சின்ன வயசிலிருந்தே உள்ள இழுப்புதான், ஆனால் அன்று மருந்துக்கு அடங்கவில்லை. எஸ்டேட் வேனில் ஏற்றி, கோலா தெர்லா வழியாக ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார்கள். சைரன் இல்லாத வேன். டவுன் வாசலிலேயே, சரியாகப் பாய் கடைக்கு எதிரில், ஜாமில் நின்றது. முன்னாலும் பஸ், பின்னாலும் பஸ். வேனில் இருந்த சின்ன ஆக்ஸிஜன் தீர்ந்துகொண்டிருந்தது.

ஷாரனின் அடக்கம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை ராஜநாயகம் லூர்தம்மாளிடம் அதைச் சொன்னார். "கண்ணாடி வழியா கையக் கையக் காட்டினேன். வழிய எடுத்துவிடச் சொல்லி, வா வான்னு காட்டினேன். பாய் டீ பாக்கெட்ட தூக்கிக் காட்டிச் சிரிச்சாரு. அப்புறம் உள்ள போயிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் டவுனில் கால் வைக்கவில்லை, ரிங் ரோட்டுக்காக மனுக் கொடுக்கப் போன நாட்களைத் தவிர. அப்போதும் பாய் கடைப் பக்கம் திரும்பமாட்டார். பாயும் அதற்குப் பிறகு ரோட்டை எதிர்த்து வாய் திறக்கவில்லை. அவர் ஷாரனின் சாவுக்கு வந்து கூடாரத்துக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார், உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, போய்விட்டார்.

ராஜநாயகம் படுத்த பிறகு ஒருநாள் பாய் வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப் வந்தது. லூர்தம்மாள் அதை அப்படியே கால்வாயில் கொட்டிவிட்டாள். கொட்டுகிற சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, "ஏன் கொட்ற? நல்ல சூப்பு" என்றார் அவர். அடுத்த தடவை வந்ததைக் குடித்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்று சொன்னாலும் தகும். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அவளுக்கு ரோஷம் இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையை ஆண்டுக்கணக்காக வாய்க்குள் வைத்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்தாள். 'என் புள்ள மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடந்தா, நீங்க டீய காட்டிச் சிரிச்சீங்க.' இதைப் பாயின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிறகு புருஷனை நிம்மதியாகப் புதைக்கலாம்.

பெட்டியை வேனில் ஏற்றினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த நீள பெஞ்சில் லூர்தம்மாள் உட்கார்ந்தாள். ஜெஃப்ரி முன்னால் கோகிலனுக்குப் பக்கத்தில். எஸ்டேட் ஆட்கள் இரண்டு லோரியில் பின்னால் வந்தார்கள். ரிங் ரோடு பிரிகிற சந்தியில் லோரிகள் மேலே திரும்பின, டவுனுக்குள் லோரி போக இப்போது அனுமதி இல்லை. வேன் மட்டும் நேரே போனது. கோகிலன் ஒரு பெருமூச்சு விட்டான்.

ரிங் ரோடு வந்தும் விடுமுறையில் டவுன் நிரம்பத்தான் செய்கிறது. முன்பு மாதிரி ஒரேயடியாக அடைத்துக்கொள்வதில்லை, ஊர்ந்து போகலாம், அவ்வளவுதான். வேன் ஊர்ந்தது. லூர்தம்மாள் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. சின்ன வயசில் துரை பங்களாவுக்கு முதன்முதலாகப் போனபோதுதான் அப்படி அடித்துக்கொண்டது.

"அம்மா, பாருங்க" என்றான் ஜெஃப்ரி.

ஷட்டர்கள் எல்லாம் பாதி இறங்கியிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, இரண்டு பக்கமும். டிசம்பர் சனிக்கிழமை, வருஷத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கிற நாள். சுற்றுலாக்காரர்கள் கடைகளுக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் குனிந்து கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று புரியாமல் நின்றார்கள். எங்கும் பாட்டுச் சத்தம் இல்லை.

பாய் கடை ஷட்டர் மட்டும் முழுக்க இறங்கியிருந்தது.

"நிறுத்து" என்றாள்.

கோகிலன் நிறுத்தினான். கடையின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பாயின் மனைவி சபிஹா ஓடிவந்தாள். தலையில் போட்டிருந்த துணியை இழுத்து விட்டுக்கொண்டு வேன் கதவைப் பிடித்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் வாய் கோணியது.

"அக்கா, இந்தப் பக்கமா வந்தீங்க? மேலதானே போவீங்கன்னு நெனச்சோம்."

"பாய் எங்க?"

"அவுங்க ரிங் ரோட்டுக்குப் போயிட்டாங்க அக்கா. அண்ணே அவரு ரோட்டுலதான் போவாரு, டவுனுக்குள்ள வரமாட்டாரு, நான் அங்க போயி நிக்கறேன்னு மோட்டர எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கோயில் முனையில நிப்பாங்க. அந்த ரோட்ட அவுங்க இன்னிவரைக்கும் எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"ஷட்டரு?"

"காலையில கடை கடையா போயி அவுங்கதான் சொன்னாங்க. சாவு வண்டி வராதே, எதுக்கு எறக்கணும்னு அந்தக் கோழிச்சோத்துக் கடைத் தவ்கே கூடக் கேட்டாரு. வராட்டியும் எறக்குங்கன்னு கெஞ்சிட்டுப் போனாங்க."

லூர்தம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூராக்கி வைத்த வார்த்தை நாக்கு நுனியில் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இதை எதிர்பார்த்து அவள் வரவில்லை. பாய் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், எழுந்து வருவார், அசடு வழிவார், சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். இந்த மனிதர் எதற்குப் போய் அந்த ரோட்டில் நிற்க வேண்டும்?

"போன் போடு" என்றாள் சபிஹாவிடம். "வரச் சொல்லு."

"அம்மா, நாமளே அங்கதானே போறோம்" என்றான் ஜெஃப்ரி. "கோயில்ல பாத்துக்கலாம் லா."

"கோயில்ல வேணாம். இங்க வரட்டும். இந்த எடத்துக்கு வரட்டும்."

கோயிலில் வைத்து அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். சபிஹா போனில் இரண்டு வார்த்தை பேசினாள். வேன் நடுரோட்டில் நின்றது. பின்னால் கார்கள் நின்றன. பஸ் நின்றது. காய்கறி ஏற்றிய வேன் ஒன்று நின்றது. கொஞ்ச நேரத்தில் டவுன் மறுபடி அந்தப் பழைய டவுனாகிவிட்டது. ஜாமை ஒழிக்க உயிரை விட்ட மனிதர் தானே ஒரு ஜாமைக் கட்டிக்கொண்டு நடுவில் படுத்திருந்தார். ஜெஃப்ரி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். எங்கோ பின்னால் வெளியூர்க் கார் ஒன்று ஹாரன் அடித்தது. கோழிச்சோற்றுக் கடைக்காரர் ரோட்டில் இறங்கிப் போய் அதன் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை.

கடைக்குப் பக்கத்தில் பசார் சந்து ஒன்று மேலே ஏறி ரிங் ரோட்டின் இந்த முனையில் சேர்கிறது. அந்தச் சந்து வழியாக மோட்டார் சைக்கிள் ஒன்று வேகமாக இறங்கி வந்தது. சலாஹுதீன். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சொங்கோக் தொப்பி கோணியிருந்தது. மோட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தக்கூட நேரமில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். எவ்வளவு கிழடாகிவிட்டார் என்று லூர்தம்மாள் நினைத்தாள்.

வேன் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா" என்றார் அவர் முந்திக்கொண்டு. மூச்சு வாங்கியது. "இப்பதான் மொத தடவ அந்த ரோட்டுல போறேன். இங்க ஏறினேன். அங்க எறங்கிட்டேன். இவ போன் போட்டா. திரும்புனேன், வந்துட்டேன்." கையை நீட்டி மேலே சரிவைக் காட்டினார். "இவ்ளோ கிட்டவா அக்கா? இவ்ளோ கிட்டத்தானா?"

அவர் கேட்டது கோயில் முனையைப் பற்றி இல்லை என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷாரனை ஏற்றிய வேன் இதே இடத்தில் நின்றபோது மேலே அந்த ரோடு இருந்திருந்தால் என்று கேட்கிறார். அதைத் தடுத்தவன் நான்தானே என்று கேட்கிறார். அவள் சொல்ல வந்ததைவிடப் பெரிய கொடுமையைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, நடுரோட்டில், இத்தனை பேருக்கு முன்னால் நிற்கிறார். இதற்கு மேல் அவள் எதைக் கொண்டுபோய்ச் சொருகுவது?

இல்லை, ரொம்பத் தூரம் பாய் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வரவில்லை.

"கிட்டத்தான் பாய்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். சபிஹா அவர் முதுகில் கை வைத்தாள்.

லூர்தம்மாள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏறுங்க."

"அக்கா, நான்..."

"மழையில நிக்காதீங்க. ஏறுங்கன்னா ஏறுங்க."

ஏறினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஓரமாக உட்கார்ந்தார்.

கோகிலன் திரும்பிப் பார்த்தான். "எப்படிப் போறது ஆண்ட்டி? நேராவா?"

"மேல ஏறு" என்றாள். "அவரு ரோட்டுலயே போ."

வேன் பசார் சந்தில் திரும்பி ஏறியது. பின்னால் டவுன் மெல்ல அவிழ்ந்து நகரத் தொடங்கியது. மேலே ஏறியதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் அகலமாகப் புதுத் தார், அதன் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. புருஷன் படுத்த நாளிலிருந்து லயத்தை விட்டு வெளியே வராதவள் லூர்தம்மாள். இந்த ரோட்டை அவளும் இன்றுதான் பார்க்கிறாள்.

சலாஹுதீன் பெட்டியின் மேல் கையை வைத்தார். ராஜநாயகத்திடம்தான் பேசினார், அவளிடம் இல்லை.

"வேணாம்னு கைய ஆட்டறீங்கன்னுதானே நெனச்சேன் அண்ணே. டீ வேணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சுத்தானே உள்ள போனேன்."

லூர்தம்மாள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடை வாசலில் கையை ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்ததுதான். ராஜநாயகத்துக்கும் தெரியும். எப்போது நினைத்துப் பார்த்தாரோ, எந்த ராத்திரியில் புரண்டு படுத்துக் கண்டுபிடித்தாரோ, தெரியாது. கண்டுபிடித்துத்தான் அந்தச் சூப்பைக் குடித்திருக்கிறார். அவளிடம் சொல்லாமலே போய்விட்டார். பாவி மனுஷன்.

ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று அவள் வார்த்தை தேடினாள். சொல்லலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். வேன் ஒரு வளைவு திரும்பியது. இன்னொன்று திரும்பியது. பிறகு நின்றது.

"வந்தாச்சு ஆண்ட்டி" என்றான் கோகிலன்.

கண்ணாடிக்கு வெளியே மாதா கோயில் நின்றது. லோரியில் வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஃபாதர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ளயா?" என்றாள் லூர்தம்மாள்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவள் காதில் விழுந்தது. பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மகளின் பெயரைச் சொல்லி அலறி அழுதாள்.